மணியோசை முன்னே: அமலோற்பவ வழக்கின் வரலாறு

கத்தோலிக்கத் திருச்சபை ஆண்டுதோறும் டிசம்பர் 8ஆம் நாள் கொண்டாடும் அமலோற்பவ மாதா திருவிழா, இயேசு கன்னியிடம் பிறந்ததை நினைவுகூர்வது என்று கிறிஸ்தவர் பலரும்கூட எண்ணிக்கொள்வதுண்டு. உண்மையில் அவ்விழா குறிப்பது மரியா தம் தாய் அன்னாவின் வயிற்றில் கருவாய் உருவானதை. அவ்வாறு உருவான முதல் நொடியிலேயே, ஆதாமின் வழியாக மனிதர் அனைவருக்கும் வந்து சேரும் பாவக்கறை அவர்மீது படியாதவாறு கடவுள் காத்தார் என்பதே அதன் உட்பொருள். அந்நாளிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் வருவது செப்டம்பர் 8, மரியாவின் பிறந்தநாள். வேளாங்கண்ணிப் பெருவிழா நாளும் அதுவே. இக்கோட்பாட்டைக் கத்தோலிக்கர் ஏற்பதும் சீர்திருத்த சபையார் மறுப்பதும் இன்று இரு தரப்பையும் பிரித்துக்காட்டும் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டமையால், இப்பூசல் மார்ட்டின் லூத்தரோடு தொடங்கியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும் லூத்தர் பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வழக்கு இது. வழக்காடியவர்கள் இரு தரப்பிலும் கத்தோலிக்கத் துறவிகளே. சீர்திருத்த சபைகள் பின்னாளில் கையில் எடுத்த வாதங்களுள் பல, புனிதர்களாகப் போற்றப்படும் கத்தோலிக்க இறையியலார் வகுத்து வைத்தவை.

வழக்கைப் பின்தொடர இரண்டு சொற்களின் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் தாமே அறிந்து செய்யும் குற்றம் செயல்வழிப் பாவம் எனப்படும். எதுவும் செய்யுமுன்னரே, மனிதராய்ப் பிறந்ததனாலேயே ஒருவரிடம் இருப்பதாகக் கொள்ளப்படும் குறை ஜென்மப் பாவம் எனப்படும். மரியா வாழ்நாளில் ஒரு குற்றமும் செய்யவில்லை என்பது ஒரு கூற்று. அவர் ஜென்மப் பாவமின்றியே உருவானார் என்பது வேறொரு கூற்று. முதற்கூற்றை ஏற்று இரண்டாவதை மறுத்த அறிஞர் கத்தோலிக்க உலகிலேயே நெடுங்காலம் பெரும்பான்மையாக இருந்தனர் என்பதை இரு தரப்புப் பரப்புரையாளரும் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

மரியாவின் பிறப்பைப் பற்றி விவிலியம் ஒன்றும் கூறுவதில்லை. அவருடைய பெற்றோரின் பெயர்களான யோவாக்கிம், அன்னா என்பனகூட, இரண்டாம் நூற்றாண்டில் எழுந்து விவிலியத் தொகுதிக்கு வெளியே நின்றுவிட்ட யாக்கோபின் முதல் நற்செய்தி என்னும் நூலிலிருந்து கிடைப்பவையே. தொடக்ககாலத் திருச்சபைத் தந்தையரோ மரியாவிடம் குறைகாண அஞ்சியவர்களும் அல்லர். கோயிலில் முதியவர் சிமெயோன் மரியாவிடம் முன்னுரைத்த வாள் என்பது சிலுவையடியில் மரியாவின் உள்ளத்தை ஊடுருவிய ஐயமே என்று மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் விளக்கினார். மக்களோடு பேசிக்கொண்டிருந்த மகனை வெளியே நின்று அழைத்தனுப்பிய செயலில் தாய்க்குரிய வீண்பெருமை கலந்திருந்தது என்று நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிறிசோஸ்தோம் மறையுரையில் கூறினார். மேற்கில் ஜென்மப் பாவக் கொள்கைக்கு உறுதியான வடிவம் தந்த அகுஸ்தீனோ, 415ஆம் ஆண்டளவில் ஜென்மப் பாவத்தை ஏற்காத பெலாஜியுசை மறுத்து எழுதிய நூலில், பாவத்தைப் பற்றிய பேச்சில் ஆண்டவருக்குரிய மதிப்பின் பொருட்டு மரியாவைக் கொண்டுவர விரும்பவில்லை என்று ஒதுக்கிவைத்தார். இந்த ஒரு வாக்கியத்தை மரியாவின் மாசின்மைக்குச் சான்றாகக் கத்தோலிக்கர் காட்டுவர். அது செயல்வழிப் பாவத்தைப் பற்றியதேயன்றி ஜென்மப் பாவத்தைப் பற்றியதன்று என்று மறுதரப்பார் விடையிறுப்பர். அகுஸ்தீனின் நோக்கம் பெலாஜியுசை மடக்குவதே ஆதலால், ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த வினாவுக்கு அவரிடம் விடை தேடுவது இரு தரப்புக்கும் பயன்தராத வேலை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதுபோல, இவ்வரலாற்றில் திருவிழா முன்னே வந்தது. கோட்பாடு வெகுகாலம் கழித்தே வந்தது. கீழைத் திருச்சபையில் அன்னா கருவுற்ற நாள் டிசம்பர் 9 அன்று கொண்டாடப்பட்டு வந்தது. அவ்விழா பதினோராம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் மடத்தில் டிசம்பர் 8க்கு வந்து சேர்ந்தது. 1066இல் நாட்டை வென்ற நார்மானியர் ஆட்சியில் சாக்சானியரின் நாட்டுப்புற வழக்கமாகக் கருதப்பட்டு மறைந்தது. 1120களில் மீண்டும் தலைதூக்கியது. அப்போது அதற்கு அறிவுசார்ந்த காப்புரை எழுதியவர் காண்டர்பரி மடத்துத் துறவி எட்மர். முள் நிறைந்த தோட்டுக்குள் உருவாகும் செஸ்ட்நட் கொட்டை ஒரு முள்ளும் தைக்காமல் வழுவழுப்பாக வெளிவருவதைக் கடவுள் செய்ய முடியுமானால், முட்களின் நடுவே உருவான ஓர் உடலை முள் தைக்காமல் காப்பது அவருக்கு அரிதோ என்பது அவர் வாதம். பள்ளிக்கூடத் தருக்கத்தைவிட மடத்துத் தோட்டத்தில் உலவியவரின் கண் இதில் தெரிகிறது. கடவுளால் முடியும், அவர் அதை விரும்பினார், ஆகவே செய்தார் என்று எட்மர் அடுக்கிய மூன்று படிகளும் பிற்காலத்தில் இக்கோட்பாட்டின் முழக்கமாகவே ஆயின.

விழா பிரான்சின் லியோன் நகரத்தை எட்டியபோது, மரியா பக்தியில் தமக்கு நிகரில்லாதவர் எனப் பெயர்பெற்ற கிளேர்வோ மடாதிபதி பெர்னார்டே அதை எதிர்த்து 1140ஆம் ஆண்டளவில் அந்நகரத்துக் குருமாருக்குக் கடிதம் எழுதினார். திருச்சபையின் வழிபாட்டு மரபு அறியாததும், பகுத்தறிவு ஒப்பாததும், ரோமாபுரியைக் கேளாமல் புகுத்தியதுமான புதுமை என்பது அவர் குற்றச்சாட்டு. மரியாவுக்குப் பொய்ப்பெருமை தேவையில்லை என்றும் அவர் கருதினார். இம்மூன்று காரணங்களுள் முதலிரண்டையும் பிற்காலச் சீர்திருத்த சபையார் ஏறத்தாழ அப்படியே வழிமொழிந்தனர். மூன்றாவதை மட்டும் அவர்களால் வழிமொழிய இயலவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எதிர்ப்புக்கு மேலும் கூர்மை தந்தார். கருவில் முதலில் உடல் உருவாகிறது, ஆன்மா சில வாரங்கள் கழித்தே அதனுள் வைக்கப்படுகிறது என்பது அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய அக்கால மருத்துவக் கருத்து. ஆன்மா வருமுன் பாவமும் இல்லை, அருளும் இல்லை. ஆன்மா வந்த நொடியிலேயே மரியா பாவத்தினின்று விலக்கப்பட்டிருந்தால், மீட்கப்படுவதற்கு அவரிடம் எதுவும் இருந்திராது. அப்படியானால் கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர் என்ற கூற்று பழுதாகும். ஆகவே மரியா ஜென்மப் பாவத்தோடு உருவாகி, பிறக்குமுன் தாய்வயிற்றிலேயே தூய்மையாக்கப்பட்டார், அதன்பின் ஒரு பாவமும் செய்யவில்லை என்று அக்குவினாஸ் முடிவுகட்டினார். இந்த முடிச்சை அவிழ்த்தவர் 1308இல் மறைந்த பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ். சேற்றில் விழுந்தவரைத் தூக்கிவிடுவதைவிட, விழப்போகும் நொடியில் கையைப் பற்றி நிறுத்துவது மேலான உதவி. முழுநிறைவான மீட்பர் ஒருவரையேனும் அவ்வாறு காத்திருக்க வேண்டும். எனவே பாவம் தீண்டாத மரியா மற்ற எவரையும்விடக் கிறிஸ்துவுக்கே கூடுதலாகக் கடன்பட்டவர் என்று அவரது வாதத்தின் சாரத்தைக் கூறலாம். எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதத்தையே தன் தரப்புக்குத் திருப்பிக்கொண்ட இவ்வாதத்தின் அழகை அதை ஏற்காதவரும் மறுக்க முடியாது. இதை அவர் தக்கதொரு கருத்தாகத்தான் முன்வைத்தார்; அறுதியிட்ட உண்மையாக அறிவிக்கவில்லை.

அதன்பின் வழக்கு இரு துறவற சபைகளின் குலப்பகையாகவே மாறியது: ஸ்கோட்டசின் பிரான்சிஸ்கன் சபை ஒருபுறம், அக்குவினாசின் தோமினிக்கன் சபை மறுபுறம். 1439இல் பாசல் பொதுச்சங்கம் இக்கோட்பாட்டை ஏற்று அறிவித்தது. ஆனால் அப்போது அச்சங்கமே பாப்பரசரோடு முறித்துக்கொண்டிருந்ததனால் அறிவிப்பு செல்லாக்காசாயிற்று. பிரான்சிஸ்கன் சபையிலிருந்து பாப்பரசரான நான்காம் சிக்ஸ்துஸ் 1477இல் விழாவுக்கு ஒப்புதல் தந்தார். பின்னர் 1480களில், இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பதிதர், அதாவது மறையை மறுத்துப் பிரிந்தோர், என்று தூற்றக் கூடாதென ஆணையிட்டார். 1497இல் பாரிஸ் பல்கலைக்கழகம், இக்கோட்பாட்டைக் காப்பதாகச் சத்தியம் செய்பவருக்கே பட்டம் என்று விதித்தது.

குலப்பகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெர்ன் நகரத்து வழக்கு சான்று. தையற்காரராக இருந்து அந்நகரத்துத் தோமினிக்கன் மடத்தில் சேர்ந்த யோகன்னஸ் ஜெட்சர் என்னும் இளம் சகோதரருக்கு 1507இல் மரியா காட்சி தந்து, தாம் ஜென்மப் பாவத்தோடுதான் கருவானதாகத் தம் வாயாலேயே சொன்னார் என்ற செய்தி பரவியது. பிரான்சிஸ்கன் சபையாரின் கோட்பாட்டை மரியாவே மறுத்துவிட்டார் என்பது இதன் பொருள். ஜெட்சரின் உடலில் ஐந்து காயங்கள் தோன்றின. மடத்துக் கோயிலில் மாதா சுரூபம் இரத்தக் கண்ணீர் வடித்ததாக மக்கள் கூடினர். விசாரணை தொடங்கியதும் காட்சிகள் நாடகம் என்றும், கண்ணீர் வெறும் சாயம் என்றும் குற்றச்சாட்டு எழுந்தது; சித்திரவதையில் வாக்குமூலங்கள் பெறப்பட்டன; மடத்தின் தலைவர் உள்ளிட்ட நான்கு துறவிகள் 1509ஆம் ஆண்டு மே 31 அன்று தீயிலிடப்பட்டனர். ஜெட்சரோ உயிர் தப்பினார். ஏமாற்றியவர் அவரே, துறவியர் நால்வரும் ஏமாந்தவர்களே என்று பிற்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எரித்தவர்கள், எரிந்தவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் அன்று ஒரே திருச்சபையினர். பெர்ன் நகரம் சீர்திருத்தத்தின் பக்கம் சாய்ந்தது 1528இல்தான். துறவிகளின் பித்தலாட்டத்துக்கு எடுத்துக்காட்டாக இவ்வழக்கைப் பின்னாளில் சீர்திருத்த சபையார் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர்; நாடகத்தின் நோக்கம் தங்கள் கருத்துக்கே அரண்செய்வதாக இருந்தது என்பது அவர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை.

இப்பின்னணியில் பார்த்தால் லூத்தரின் நிலை வியப்பளிப்பதன்று. 1527இல் வெளியான மறையுரை ஒன்றில், மரியாவின் உடலில் ஆன்மா வைக்கப்பட்டபோதே அது ஜென்மப் பாவத்தினின்று தூய்மையாக்கப்பட்டது என்னும் கருத்தை அவர் ஏற்றுப் பேசினார். பிந்திய பதிப்புகளில் அப்பகுதி காணப்படாமையால், அவர் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்பது ஆய்வாளரிடையே இன்றும் வழக்காடப்படுகிறது. அவருடைய கூரிய தாக்குதல் வேறிடத்தில், மொழிபெயர்ப்பில், வந்தது. வானதூதர் மரியாவை வாழ்த்தும் கிரேக்கச் சொல்லை எரோணிமுசின் இலத்தீன் விவிலியம் ‘அருள் நிறைந்தவள்’ எனப் பொருள்பட மொழிபெயர்த்திருந்தது. அந்நிறைவில் பாவத்துக்கு இடமேது என்பது அமலோற்பவத் தரப்பின் முதன்மையான விவிலியச் சான்று. கிரேக்கச் சொல் செயப்பாட்டு வினையாலணையும் பெயர். அருளப்பெற்றவள் என்பதே அதன் நேர்ப்பொருள் என்று 1516இல் கிரேக்க மூலத்தைப் பதிப்பித்த எராஸ்முஸ் வேறு சொல் இட்டார். லூத்தர் 1530இல் எழுதிய மொழிபெயர்ப்புக் கடிதத்தில், எந்த ஜெர்மானியன் அப்படிப் பேசுவான், நிறைந்த என்றவுடன் பீர் நிறைந்த பீப்பாயும் பணம் நிறைந்த பையும்தானே அவன் நினைவுக்கு வரும் என்று எள்ளினார். ஒரு பெரிய கோட்பாட்டின் அடிக்கல் பீப்பாய்க்கடியில் உருண்டது இப்படித்தான்.

சீர்திருத்தத்தின் அடுத்த பெருந்தலைவரான கால்வினிடம் லூத்தரின் தயக்கமெல்லாம் இல்லை. மகனை வெளியிலிருந்து அழைத்த மரியாவின் செயல் பொருத்தமற்றது என்று அவர் எழுதியபோது கிறிசோஸ்தோமின் பழைய மறையுரையே மறுபடி ஒலித்தது. அதற்குள் திரெந்து பொதுச்சங்கம் 1546 ஜூன் 17 அன்று ஜென்மப் பாவத்தைப் பற்றிய ஆணையை வெளியிட்டிருந்தது. ஸ்பெயின் நாட்டுக் கர்தினால் பச்சேக்கோ கோட்பாட்டை அப்போதே உறுதிசெய்துவிட வற்புறுத்தினார்; தோமினிக்கன் ஆயர்கள் எதிர்த்தனர்; இறுதியில் இவ்வாணை மரியாவை உள்ளடக்குவதாகக் கொள்ளலாகாது, சிக்ஸ்துசின் விதிகளே தொடரும் என்ற ஒற்றை வாக்கியத்தோடு சங்கம் விலகிக்கொண்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆணை, அற்பப் பாவங்களைக்கூட வாழ்நாள் முழுதும் தவிர்ப்பது தனிச்சலுகை பெற்றவருக்கே இயலும் என்று கூறி, மரியாவை அதற்கு எடுத்துக்காட்டாக்கியது. கால்வின் உடனே மறுப்பு எழுதினார். ஆங்கிலத் திருச்சபை 1571இல் நிலைநாட்டிய முப்பத்தொன்பது விதிகளில் பதினைந்தாவது, கிறிஸ்து ஒருவரே பாவமற்றவர் என்று தலைப்பிட்டு மரியாவின் பெயரைச் சொல்லாமலே கதவை அடைத்தது. இதன்பின் கத்தோலிக்க உலகில் அக்குவினாசின் பழைய ஐயத்தை வாய்விட்டுச் சொல்பவர், மறுதரப்புக்கு உளவுசொல்பவர்போலத் தோன்றலானார்.

ஸ்பெயின் நாட்டில் அந்த ஐயத்துக்குத் தெருவிலேயே தண்டனை கிடைத்தது. 1613இல் செவில் நகரில் தோமினிக்கன் துறவி ஒருவர் கோட்பாட்டுக்கு மாறாகப் பேசியதாகக் கிளம்பிய கொந்தளிப்பு ஊர்வலங்களாக வளர்ந்து, அரசரே ரோமாபுரிக்குத் தூது அனுப்பும் அளவுக்குச் சென்றது. 1617இல் எதிர்க்கருத்தைப் பொதுவில் பேசுவதும், 1622இல் தனிமையில் பேசுவதும் தடைசெய்யப்பட்டன. இவற்றைவிட நீடித்தது செவில் ஓவியர்கள் வகுத்த உருவம். ஓவியர் வெலாஸ்கெசின் மாமனாரும், முன்சொன்ன கர்தினாலின் பெயரையே கொண்டவருமான ஓவியர் பிரான்சிஸ்கோ பச்சேக்கோ, 1649இல் வெளியான ஓவிய இலக்கண நூலில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியாக, வெள்ளை அங்கியும் நீலப் போர்வையும் அணிவித்து, தலையைச் சுற்றிப் பன்னிரண்டு விண்மீன்களும் காலடியில் முனைகள் கீழ்நோக்கிய பிறையும் வைத்து மரியாவை எழுத வேண்டும் என்று விதித்தார். காலடியில் நசுங்கும் பாம்புக்கு வேறொரு மூலம் உண்டு. தொடக்க நூலில் பாம்பின் தலையை நசுக்குவதாகக் கூறப்படும் வித்தினை (வழித்தோன்றலை) எபிரேயம் ஆண்பாலால் சுட்ட, இலத்தீன் விவிலியம் ‘அவள்’ என்று பெண்பாலாக்கியது. சீர்திருத்த சபையார் அதைப் பிழை என்றனர். இன்றைய கத்தோலிக்க மொழிபெயர்ப்புகளும் ‘அவள்’ என்பதைக் கைவிட்டுவிட்டன. பாம்பு மட்டும் சுரூபங்களின் காலடியில் இருந்தபடியே இருக்கிறது.

பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) 1849இல் உலகெங்குமுள்ள ஆயர்களிடம் கருத்துக் கேட்டார். விடையளித்த 603 பேருள் 546 பேர் கோட்பாட்டை உறுதிசெய்வதை ஆதரித்தனர்; பாரிஸ் பேராயர் உள்ளிட்ட சிலர் எதிர்த்தனர். 1854 டிசம்பர் 8 அன்று பாப்பரசர் அதை எல்லாக் கத்தோலிக்கரும் ஏற்றே ஆகவேண்டிய விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். சீர்திருத்த சபைகளின் எதிர்ப்பு அன்று திசை மாறியது. மரியா பாவமற்றவரா என்ற பழைய வினா பின்னால் தள்ளப்பட்டு, பொதுச்சங்கம் கூட்டாமல், விவிலியச் சான்றும் தெளிவாயில்லாமல், ஒரு மனிதர் தம் அதிகாரத்தால் கோட்பாட்டை அறிவிக்கலாமா என்ற வினா முன்னால் வந்தது. பதினாறு ஆண்டு கழித்து, 1870இல், பாப்பரசரின் தவறாவரம் அறிவிக்கப்பட்டபோது, 1854 அதற்கு ஒத்திகையாக இருந்தது என்று கண்டவர்கள் தவறாகக் காணவில்லை. கீழைத் திருச்சபையின் நிலையும் இங்கே கவனிக்கத்தக்கது: மரியாவை முழுத்தூயவர் என்றே அழைக்கும் அவர்கள், ஆதாமின் குற்றம் பிறப்போடு ஒட்டிவருகிறது என்ற மேற்கத்தியக் கருத்தையே ஏற்காமையால், அதற்கு விலக்கு அறிவிப்பது தேவையற்றது என்றனர். 1865இல் பெர்லினில் இக்கோட்பாட்டை மறுத்து விரிவான வரலாற்று நூல் எழுதிய லூத்தரன் அறிஞர் எட்வர்ட் பிராய்ஸ், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லூத்தரன் குருமடப் பேராசிரியராகி, 1872இல் கத்தோலிக்கராகவே மாறிவிட்டார் என்பது இவ்வழக்கின் விந்தைகளுள் ஒன்று.

தமிழ் நிலத்துக்கு இவ்விழா அறிவிப்புக்கு வெகு முன்பே வந்துவிட்டது. புதுச்சேரியில் பலமுறை இடிபட்டு 1791இல் இன்றைய வடிவில் எழுந்த ஜென்மராக்கினி மாதா பேராலயம் அமலோற்பவ அன்னைக்கே உரியது. 1847இல் இலங்கையில் வந்திறங்கிய அமலமரித் தியாகிகள் சபையும், கோட்பாடு அறிவிக்கப்படுமுன்னரே அப்பெயரைச் சூடியிருந்தது. அமலோற்பவம் என்ற சொல்லாக்கமும் நுட்பமானது. மலம் என்பது உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டியிருக்கும் கட்டு என்று சைவ சித்தாந்தம் விளக்கிவைத்த நாட்டில், அமலன் என்பது இறைவனுக்கே உரிய பெயராயிருந்த மொழியில், மலம் இன்றி உற்பவித்தவர் என்ற பெயர் வேர்பிடிக்கத் தனி விளக்கம் தேவைப்பட்டிராது. அமலோற்பவம், அமலோற்பவ மேரி என்று பிள்ளைகளுக்குப் பெயரிடும் வீடு கத்தோலிக்க வீடு என்று எளிதில் ஊகிக்கலாம்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும், 1714–15இல் அங்கே அச்சேறிய அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடும் லூத்தரின் மரபைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. கத்தோலிக்கத் தரப்பில் வீரமாமுனிவர் தேம்பாவணியோடு நில்லாமல், தரங்கம்பாடியாருக்கு எதிராக வேத விளக்கம் முதலிய உரைநடை நூல்களும் எழுதினார். பூசலின் தழும்பு சொற்களில் நிலைத்தது. கத்தோலிக்கருக்கு இயேசுவின் தாய் மரியா, மாதா, அன்னை. சீர்திருத்த சபையாருக்கு மரியாள். வானதூதரின் வாழ்த்தைப் பழைய கத்தோலிக்கச் செபம் ‘பிரியதத்தம்’ என்னும் வடசொல்லால், அன்போடு இலவசமாய்த் தரப்பட்டது என்னும் பொருளில், ‘பூரணம்’ என்பதோடு சேர்த்து மொழிந்தது. பின்னர் அது ‘அருள் நிறைந்த’ ஆயிற்று. சீர்திருத்த சபையாரின் விவிலியமோ ‘கிருபை பெற்றவள்’ என்றது: நிறைந்தவளா, பெற்றவளா என்று எராஸ்முசும் லூத்தரும் கிளப்பிய அதே வினா. இரு தரப்பாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘அருள்மிகப் பெற்றவர்’ என்ற விளியைத் தேர்ந்தது. ‘நிறைந்த’ என்பதற்கு ஈடாக ‘மிக’ வந்தது. ‘பெற்ற’ அப்படியே இருந்தது. ஈறு மட்டும் மரியாதைப் பன்மையாயிற்று. ஜெபமாலை உருட்டுவோர் வாயில் இன்றும் வருவது ‘நிறைந்த’. சீர்திருத்த சபைகளின் பிரசங்க மேடைகளில் பெரும்பாலும் திறந்திருப்பது பழைய மொழிபெயர்ப்பு.